கணினியில் இடமும் காப்பும்

இந்நாளிற் கல்லூரி மாணாக்கர் பலர் கையிலும் ஒரு மடிக்கணினி உளது. பாடக் குறிப்பும், ஆய்வுக் கட்டுரையும், நிழற்படமும், பாட்டும், திரைப்படமும் ஆகிய அனைத்தும் அதனுள்ளே அடைக்கலம் புகுகின்றன. ஈராண்டு கழியுமுன்னரே அக்கணினி, ‘இடம் போதவில்லை’ என்று சிவந்த கோடு காட்டி முறையிடத் தொடங்குகின்றது. அம்முறையீட்டைக் கண்ட மாணாக்கர் செய்வது யாது? கண்ணிற்பட்டதை அழிக்கின்றனர், இரண்டு பிரதி இருந்தவிடத்து ஒன்று மிகையென்று நீக்குகின்றனர், பேக்கப் என்று பேச்சில் வழங்கும் காப்புப் பிரதி எடுப்பதை மற்றொரு நாளைக்கு ஒத்திவைக்கின்றனர். இவ்வாறு இடம் பெறுதற்பொருட்டுக் காப்பை விற்றுவிடுகின்றனர். இடமும் காப்பும் ஒரே பணப்பையினின்று செலவாவன ஆதலின், ஒன்று மிக மற்றொன்று குறைதல் இயல்பே. அங்ஙனமாயின் எதற்கு எவ்வளவு செலவிடுவது? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் இடத்தின் கணக்கை நோக்குவோம். 1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தார் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியே சுழலும் வன்தட்டைக் கொண்டு முதன்முதல் விற்பனைக்கு வந்த கணினி. ஐம்பது தட்டுக்களை அடுக்கியும் அதன் கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. 1983-இல் அந்நிறுவனத்தாரே விடுத்த பிசி எக்ஸ்டி என்னும் தனியாள் கணினியில் 10 எம்பி அளவுள்ள வன்தட்டு இருந்தது. இன்று கடைத்தெருவில் எளிதிற் கிடைக்கும் 1 டெராபைட்டுத் தட்டு அதனினும் ஓரிலட்சம் மடங்கு பெரிது. எனினும் இடக்குறை தீர்ந்தபாடில்லை. இடம் பெருகப் பெருக நாம் அடைக்கும் பொருளும் பெருகிக்கொண்டே வந்தது.

512 ஜிபி என்று எழுதி விற்கப்படும் சேமகம் விண்டோஸ் திரையில் ஏறக்குறைய 476 ஜிபி என்றே காட்டும். வணிகர் வஞ்சித்தார் என்று சினத்தல் வேண்டா. சேமகம் செய்வோர் ஆயிரத்தாற் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். விண்டோஸோ 1024-ஆற் பெருக்கிக் கணக்கிடுகின்றது. பொருள் ஒன்றே, அளவுகோல் இரண்டு. அதனுள்ளும் இயங்குதளம் ஒரு பங்கையும், அதனை மீட்டற்கென ஒதுக்கிய பகுதி ஒரு பங்கையும் கொள்ள, எஞ்சியதே நமக்கு.

மேலும், இந்நாளைய மடிக்கணினிகள் பெரும்பாலனவற்றில் இருப்பது சுழலும் தட்டன்று. எஸ்எஸ்டி எனப்படும் சில்லுச் சேமகம். அது விரைவு மிக்கது. கீழே விழினும் எளிதிற் கெடாதது. ஆயின் அழித்த கோப்பை மீட்டல் அதனிடத்துப் பெரிதும் அரிது. சுழல்தட்டில் அழித்த கோப்பின்மேல் வேறொன்று எழுதப்படுமளவும் அதன் சுவடு கிடக்கும். வல்லார் ஒருவர் அதனைத் தோண்டி எடுத்துத் தரக்கூடும். சில்லுச் சேமகத்திலோ, ‘இன்ன இன்ன இடங்கள் இனி வேண்டா’ என்று இயங்குதளம் டிரிம் என்னும் கட்டளையால் உடனே அறிவித்துவிடுகின்றது. சேமகம் தன் ஓய்வு நேரத்தில் அவ்விடங்களைத் துடைத்து வெறுமையாக்கிவிடும். ஆகவே, அழித்தபின் பார்த்துக்கொள்வோம் என்னும் பழைய துணிவு இப்பொழுது செல்லாது.

நிற்க. காப்பு என்பது யாது? அது மிகையே அன்றி வேறன்று. ஒரு பொருளை ஒருமுறையே எழுதி வைத்தவனுக்குக் காப்பில்லை. மீண்டும் ஒருமுறை, ஏதேனும் ஒரு வடிவில், சொல்லி வைத்தவனுக்கே காப்புண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதென்பது அம்மிகையைக் களைவது. இவ்விரண்டு கலைகளுக்கும் அடிப்படையை ஒரே கட்டுரையில் வகுத்துத் தந்தவர் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய கிளாடு ஷானன் என்னும் கணிதப் புலவர். 1948-இல் வெளிவந்த அக்கட்டுரையில், எந்தச் செய்தியிலும் உள்ள மிகையை எந்த அளவு வரையிற் பிழிந்தெடுத்துச் சுருக்கலாம் என்பதையும், பழுதுபடும் வழியே அதனை அனுப்புங்கால் அளந்து கூட்டிய மிகையினால் அதனை எவ்வாறு காக்கலாம் என்பதையும் அவர் நிறுவினார். சுருக்குவோனும் காப்போனும் ஒரு தாய் வயிற்று மக்களே போலும்.

தமிழ் பயில்வார்க்கு இஃது எளிதில் விளங்கும். செல்லரித்த ஏடொன்றில் ஒரு செய்யுளின் ஓரெழுத்து அழிந்துபோயிற்று என்று கொள்வோம். பதிப்பாசிரியர் மற்றை அடியின் எதுகையை நோக்குவர். சீரை அலகிட்டுத் தளை பார்ப்பர். போன எழுத்து இன்னதாதல் வேண்டுமெனப் பல இடங்களில் துணிவர். உரைநடையில் அத்துணை உதவி இல்லை. எதுகையும் மோனையும் செவிக்கு இன்பம் பயப்பன என்று மட்டுமே பலரும் கருதுவர். அவை, ஓரடியின் எழுத்தை மற்றோரடியும் ஒருவாறு சொல்லி நிற்கும் காவலுமாம் என்பது என் கருத்து. இதற்கு எதிர்முனையில் நின்றது, நம் நாட்டில் 2013-இல் நிறுத்தப்பட்ட தந்தி. சொல்லுக்குச் சொல் கட்டணமாதலின் மிகையனைத்தையும் களைந்து விடுத்தனர். அதில் ஒரு சொல் பிறழ்ந்தால், வருவது பிள்ளையா மருமகளா என்று வீட்டார் மயங்கி நிற்பர்.

ஷானன் பணியாற்றிய ஆய்வுக்கூடத்திலேயே ரிச்சர்டு ஹாமிங் என்பாரும் இருந்தார். வாரக்கடைசியில் ஆளில்லாமல் இயங்க விட்டுச்சென்ற கணக்கீட்டுப் பொறி, இடையில் ஒரு பிழை கண்டால் அவ்வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுமாம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் முடிந்திராது. ‘பிழை உண்டென்று அறியும் பொறிக்கு, பிழை எங்கே என்றும் அறிந்து திருத்திக்கொள்ள ஏன் இயலாது?’ என்று அவர் வினவினார். அவ்வினாவின் விடையாகப் பிறந்து 1950-இல் வெளிவந்ததே அவர் பெயரால் வழங்கும் குறிமுறை. நான்கு இலக்கங்களுக்கு மூன்று காவல் இலக்கங்களைக் கூட்டி ஏழாக்கினால், அவ்வேழனுள் எந்த ஒன்று பிறழினும் அதனைக் கண்டு திருத்தலாம். விலையைக் கவனிக்க: நான்கைக் காக்க ஏழு கொடுத்தோம். தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டம், ஒரு மூலை கிழிந்தும் கறைபட்டும் நம் பணத்தைக் கடைக்காரரிடம் சேர்த்துவிடுகின்றதன்றோ? அதுவும் இவ்வழி வந்த மிகையின் பயனே. அதன் உயர்ந்த காப்பு நிலையில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு பழுதுபடினும் படிக்கலாகும். அதன்பொருட்டுக் கட்டத்தில் அடங்கும் செய்தியின் அளவு குறைக்கப்படுகின்றது.

மிகையைக் களைந்து இடம் பெறுவதில் இருவகை உண்டு. ஸிப் போன்ற முறைகள் சுருக்கியதை ஓரெழுத்தும் குறையாமல் மீண்டும் விரித்துத் தரும். 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் போன்ற பட முறைகளோ, கண் எளிதில் அறியாத நுட்பங்களைக் கைவிட்டே சுருக்கும், கைவிட்டது கைவிட்டதே. இருவகைக்கும் பொதுவானதொரு குறை உண்டு. விரிந்து கிடக்கும் உரையில் ஓரெழுத்துப் பழுதாயின் அவ்வெழுத்தே போம். சுருக்கிய கோப்பில் ஓரிடம் பழுதாயின் அதனைத் தொடர்ந்து வருவன பலவும் பொருளிழக்கும்.

இவ்வுண்மையைத் தனியாள் கணினி வைத்திருந்தோர் பலர் ஒருங்கே அறிந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1993-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் எம்எஸ்-டாஸ் 6.0 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டனர். அதனுடன் டபுள்ஸ்பேஸ் என்றொரு கருவியும் வந்தது. பெயருக்கேற்ப, உள்ள வன்தட்டின் இடத்தை ஏறக்குறைய இருமடங்காக்கித் தருவதே அதன் வேலை. வன்தட்டு விலை மிக்கிருந்த காலமாதலின், பணம் கொடுத்துப் புதுத்தட்டு வாங்காமலே இடம் இரட்டிப்பதென்றால் யார்தாம் வேண்டா என்பர்? அக்கருவி, தட்டிலுள்ள கோப்புக்களை எல்லாம் சுருக்கி, மறைவான ஒரே பெருங்கோப்பினுள் அடைத்து வைத்தது. உடையவர் கண்ணுக்கு அவை முன்போலத் தனித்தனியே தோன்றின. உண்மையில் அனைத்தும் ஒரே மூட்டை. முன்னர்த் தட்டில் ஓரிடம் பழுதாயின் ஒரு கோப்புக் கெடும். இப்பொழுதோ மூட்டையின் வாய்க்கட்டிற் பழுது நேரின் மூட்டை முழுவதுமே ஐயத்துக்கிடமாயிற்று.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. ஸ்மார்ட்டிரைவ் என்னும் துணைநிரல், விரைவின்பொருட்டு, எழுத வேண்டியதைச் சிறிது நேரம் நினைவகத்தில் நிறுத்திப் பின்னரே தட்டில் எழுதும். வேலை முடிந்ததென்று எண்ணி மின்விசையை அணைத்தவர்க்கு, எழுதப்படாது நின்ற பகுதி போயிற்று. அது மூட்டையின் கட்டில் எழுத வேண்டியதாயின் கேடு பெரிதாயிற்று. கோப்பிழந்தோர் முறையீடுகள் எழுந்தன. அவ்வாண்டின் இறுதிக்குள் 6.2 என்னும் திருத்தப் பதிப்பு வந்தது. தட்டை ஆராய்ந்து பழுது நீக்கும் ஸ்கேன்டிஸ்க், நினைவகத்திற் பிழை உண்டாவெனச் சோதிக்கும் டபுள்கார்டு என்னும் காவல்கள் அதிற் சேர்ந்தன. ஸ்மார்ட்டிரைவும் எழுதவேண்டியதை எழுதிய பின்னரே அடுத்த கட்டளைக்கு இடந்தருமாறு திருத்தப்பட்டது. இடம் தருவதாக வந்த கருவிக்குப் பின்னாற் காவலைத் தேடித் தைக்க வேண்டியதாயிற்று. (ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் தன் சுருக்கு முறையின் உரிமை மீறப்பட்டதென வழக்காடியதும், 1994-இல் அறங்கூறும் குழுவினர் அதற்குப் 12 கோடி டாலர் விதித்ததும் வேறு கதை.) சுருக்குதல் தன்னளவிற் குற்றமுடையதன்று. தாம் பெற்ற இடத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை வாங்கினோர் அறியாதிருந்ததே குற்றம்.

இனி, காப்பைக் கூட்டும் வழியை நோக்குவோம். 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லிக் கல்விநிலையத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்னும் மூவர், மலிவான தட்டுக்கள் பலவற்றை ஒருங்கு சேர்த்துப் பழுது பொறுக்குமாறு அமைக்கும் முறையை ரெய்டு என்னும் பெயரால் விளக்கினர். 4 டெராபைட்டுத் தட்டுக்கள் நான்கு உள்ளன என்க. காப்பொன்றும் வேண்டா என்பார்க்கு 16 டெராபைட்டு இடம். ஒவ்வொரு தட்டுக்கும் மற்றொன்று நிழல்போல நின்று அதனையே எழுதுமாயின் 8. மூன்று தட்டளவு செய்தியும் ஒரு தட்டளவு சரிபார்ப்பெண்ணுமாக வகுத்தால் 12. இதன் நுட்பம் எளிதே. 5, 7, 9 என்னும் மூன்று எண்களையும் அவற்றின் கூட்டாகிய 21-ஐயும் நான்கு பேரிடம் கொடுத்து வைத்தால், அவருள் எவர் ஒருவர் ஓடிப்போயினும் மற்றை மூவரைக் கொண்டு அவர் எண்ணைக் கண்டுகொள்ளலாமன்றோ? இருவர் ஓடிப்போயினும் தாங்க வேண்டுமாயின் இன்னுமொரு தட்டளவு கொடுத்து 8-க்கு இறங்க வேண்டும்.

இம்முறை பெரும்பாலும் பெரிய கணினிக் கூடங்களுக்கும், சில தட்டுக்களை ஒருங்கே வைத்திருக்கும் இல்லத்தார்க்கும் உரியது. ஒற்றைச் சேமகமுள்ள நம் மடிக்கணினிக்கு அன்று. ஈண்டு அதனைக் கூறியது, அதனையே காப்புப் பிரதி என்று மயங்குவார் பலர் உளர் என்பதனால். தட்டின் பழுதை அது தாங்கும். உடையவனின் கைத்தவற்றைத் தாங்காது. தவறி அழித்த கோப்பு நிழல்தட்டிலும் அந்நொடியே அழியும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற தீநிரல் கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்குமாயின், நிழலும் உடன் பூட்டப்படும். கணினியைக் கள்வன் கொண்டுபோனால் இரண்டும் ஒருங்கே போம். காப்புப் பிரதி என்பது வேறிடத்தில், வேறு நேரத்தில், முதலோடு ஒட்டாமல் நிற்பது.

எம் விடுதியில் அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவர், நாட்டார் வழக்காற்றுத் தாளுக்காகத் தம் பாட்டியார் பாடிய ஒப்பாரிப் பாடல்களைக் கைபேசியிற் பதிவு செய்துவந்தார். விடுமுறைதோறும் ஊர் சென்று, பாட்டியார் வெற்றிலை இடித்துக்கொண்டே பாடுவதை இரவில் ஓர் ஒருமணி நேரம் பதிவு செய்வது வழக்கம். கைபேசி நிறைந்தது, பதிவுகளைக் கணினிக்கு மாற்றினார். கணினியும் நிறைந்தது, கோப்பிற் பெரியன எவை என்று பார்த்து, அப்பதிவுகளையே தேர்ந்து பழைய வன்தட்டொன்றுக்கு மாற்றினார். பிரதி செய்யவில்லை, மாற்றினார் என்பதை நோக்குக. அத்தட்டு ஒருநாட் காலையில், டக் டக் என்னும் ஓசையோடு நின்றுபோயிற்று. மீட்டுத்தரும் கடையிற் கேட்ட தொகை ஒரு பருவக் கட்டணத்தினும் மிகுதி. அதுவும் கிடைக்குமென்ற உறுதியின்றி. பாட்டியார் அதற்கு இரு திங்களுக்கு முன்னரே காலமாயினார். இன்று எஞ்சியிருப்பன, நண்பர் கட்டுரைக்காகத் தட்டெழுதி ஆசிரியர்க்கு மின்னஞ்சலில் விடுத்த பதினைந்து கண்ணிகள். அவற்றின் அளவு சில கிலோபைட்டு. இடம் பெற்றுத் தங்கிய திரைப்படங்கள் இரண்டும் அவர் கணினியில் இன்றும் உள்ளன.

இந்நிகழ்ச்சியினின்று யான் உணர்ந்தது, இட நெருக்கடியில் நாம் கோப்புக்களை அளவினால் நிறுக்கின்றோம் என்பதே. ஒரு கோப்புக் கொள்ளும் இடத்துக்கும் அதன் அருமைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரும்பாலும் மாறுபாடே உண்டு. தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்வோம். இக்காலத்து வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டுப் போதும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறிகளாதலின் ஆறு பைட்டுக் கொள்ளும். புள்ளி பெற்ற மெய்யும் அவ்வாறே. ஆகவே தமிழ் கணினியில் இடம் மிகக் கொள்ளும் மொழி என்று ஒருவர் குறை கூறலாம். அஃதொக்கும், ஆயினும் திருக்குறளின் 1330 பாக்களும் அம்மூன்று மடங்கோடே ஒரு கைபேசி நிழற்படத்தினும் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகின்றன! ஒரு மாணாக்கர் மூன்றாண்டும் தட்டெழுதிய கட்டுரைகளும் குறிப்புக்களும் ஒருங்கு சேரினும் சில எம்பி அளவே ஆகும். மழைநாளில் விடுதி முற்றத்தை ஒரு நிமிடம் எடுத்த காணொளியோ நூறு எம்பியைத் தொடும்.

ஆதலால், இடமா காப்பா என்னும் போர் கணினி முழுவதிலும் நிகழ்வதன்று. ஒருவன் தானே எழுதியவற்றுள் அப்போர் இல்லவே இல்லை. அவற்றிற்குப் பத்துப் பிரதி எடுப்பினும் இடம் குறையாது. மீண்டும் பெறத்தக்க திரைப்படம், பாட்டு, நிரல் என்பவற்றிலும் போர் இல்லை. அவற்றுக்குப் பிரதி வேண்டா, இடம் வேண்டும்போது தயங்காமல் அழிக்கலாம். போர் நிகழ்வது நடுவிலுள்ள ஒரு சிறு நிலத்தில்: அளவிலும் பெரியனவாய், மீளப் பெறவும் இயலாதனவாய் உள்ள குரற்பதிவு, குடும்ப நிழற்படம், கள ஆய்வுக் காணொளி என்பவற்றில். இடமும் பணமும் அங்கேதான் செலவாதல் தகும்.

குரற்பதிவையே சிறிது விரித்துக் கூறுவேன். ஒரு மணிநேரப் பேச்சை, குறுந்தகட்டுத் தரத்தில், ஒற்றை ஒலிவழியிற் சுருக்காது வைத்தால் ஏறக்குறைய 317 எம்பி. அதனையே 128 கிலோபிட்டு எம்பி3-ஆகச் சுருக்கின் 58 எம்பிக்குள் அடங்கும். ஐந்திலொரு பங்குக்கும் குறைவாகச் சுருங்குதலின், முதற்பதிவை அழித்துவிடலாம் என்று தோன்றும். அஃது அவ்வளவாக ஏற்புடைத்தன்று. முதியோர் குரலின் நடுக்கமும், வட்டாரச் சொல்லொலியின் நுட்பமும் பின்னொருகால் ஆராய்வார்க்கு வேண்டப்படலாம். சுருக்கத்திற் போனது எது என்று இன்று நாம் சொல்லவியலாது. ஃபிளாக் என்னும் முறை யாதொன்றும் இழவாமல் ஏறக்குறையப் பாதியளவாகச் சுருக்கும். அதனைக் காப்பிலும், எம்பி3-ஐக் கைபேசியிலும் வைத்துக்கொள்வது நன்று. ஒலி நன்றாக இருக்கின்றதா என்பதினும், இரண்டு இடத்தில் இருக்கின்றதா என்பது முதன்மை. பணமின்மையால் இரண்டனுள் ஒன்றே இயலுமாயின், ஒரே ஒரு சிறந்த பிரதியினும் இரண்டு எளிய பிரதிகளையே யான் விரும்புவேன்.

பிரதி எத்தனை என்பதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்றொரு விதி கணினியாளரிடை வழங்குகின்றது. பிரதி மூன்று, அவை இருவேறு வகைச் சேமகங்களில், அவற்றுள் ஒன்று வேறூரிலோ வேறு கட்டடத்திலோ இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். மாணாக்கர்க்கு இஃது எட்டாததன்று. கணினியில் ஒன்று, வேண்டும்போது மட்டும் இணைத்துப் பின் கழற்றி வைக்கும் வன்தட்டில் ஒன்று, இணையக் கிடங்கில் ஒன்று, மூன்று ஆயின. கழற்றி வைத்தல் இன்றியமையாதது. இணைத்தபடியே கிடக்கும் தட்டு, தீநிரலுக்குக் கணினியின் மற்றோர் அறையே. பென் டிரைவை நெடுங்காலக் காப்பாகக் கொள்ளுதல் தகாது. அது பொருளை ஏந்திச் செல்லும் பை, பெட்டகமன்று.

நாடோறும் முழுவதும் பிரதி எடுப்பின் தட்டு விரைவில் நிறையுமே எனின், அதற்கும் வழி கண்டுள்ளனர். முதல்நாள் முழுப் பிரதி. பின்னர் மாறியவற்றை மட்டும். ஆப்பிள் நிறுவனத்தார் 2007-இல் தந்த டைம் மெஷின் இதில் ஓர் அழகிய சிக்கனம் செய்கின்றது. சென்ற ஒரு நாளின் நிலைகளை மணிக்கொன்றாகவும், சென்ற ஒரு திங்களின் நிலைகளை நாளுக்கொன்றாகவும், அதற்கு முற்பட்டவற்றை வாரத்துக்கொன்றாகவும் வைத்து, தட்டு நிறைந்தவழி மிகப் பழையதை விடுகின்றது. நம் நினைவும் ஏறக்குறைய இவ்வாறே இயங்குகின்றது போலும்! விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி என்பதனை இயக்கி வைப்பின் அதுவும் மாறிய கோப்புக்களை மணிக்கொருமுறை வேறு தட்டிற் சேர்க்கும். சிஸ்டம் ரீஸ்டோர் என்பதனை இதனோடு மயங்கற்க. அது இயங்குதளத்தின் பழைய நிலையை மீட்குமேயன்றி நம் கட்டுரையை மீட்காது.

இணையக் கிடங்கைப் பற்றி இரண்டு எச்சரிக்கை கூறவேண்டும். கூகுள் நிறுவனத்தார் 2013 முதல் அஞ்சல், கோப்பு, நிழற்படம் என்பவற்றுக்கெல்லாம் பொதுவாக 15 ஜிபி இடத்தை இலவசமாகத் தந்தனர்; உயர்தரம் என அவர்கள் வகுத்த அளவுக்குச் சுருக்கிய நிழற்படங்கள் கணக்கிற் சேராதிருந்த சலுகை 2021 ஜூன் 1-ஆம் நாளோடு முடிந்தது. இலவச இடத்தை நம்பிப் பழைய தட்டைத் தூக்கியெறிந்தவர், இடம் நிறைந்தவழி மீண்டும் சிவந்த கோட்டின் முன் நின்றனர். மற்றையது இதனினும் நுண்ணியது. ஒத்திசைவு என்பது காப்பன்று. கணினியில் அழித்த கோப்பை இணையக் கிடங்கும் தானே அழிக்கும். கூகுள் டிரைவின் குப்பைக்கூடை 2020 முதல் 30 நாளில் வெறுமையாகின்றது. ‘இடத்தை விடுவி’ என்னும் பொத்தானை அழுத்தினாலோ, கோப்பின் பெயரும் உருவும் கணினியிற் காணப்படும். உள்ளீடு இணையத்தில் மட்டுமே இருக்கும். இரண்டு பிரதி உண்டென்று எண்ணியிருப்பவர்க்கு உண்மையில் இருப்பது ஒன்று. இடம் வேண்டுவார் அப்பொத்தானை அழுத்துக. அழுத்துமுன் அருமையானவற்றைக் கழற்றி வைக்கும் தட்டிற் பிரதி செய்துகொள்க.

பிரதி எடுத்தும், அது திறக்குமா என்று பாராதவர் பலர். டாய் ஸ்டோரி 2 என்னும் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்த 1998-இல், பிக்சர் நிலையத்தில் யாரோ இட்ட தவறான கட்டளையால் அப்படத்தின் கோப்புக்கள் அழியத் தொடங்கின. காப்புப் பிரதியை எடுத்து நோக்கினர். அது செவ்வனே இயங்காதிருந்தமை அப்பொழுதே தெரியவந்தது. கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப மேற்பார்வையாளர், மகப்பேற்றின் பின் வீட்டிலிருந்து பணியாற்றுதற்பொருட்டுத் தம் இல்லத்துக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அக்கணினியைக் காரில் ஏற்றிக் கம்பளம் சுற்றிக் கொண்டுவந்தனராம். பெருநிலையத்தின் காவலினும் ஒரு தாயின் வீட்டுப் பிரதி உதவியது. பருவத்துக்கொருமுறையேனும் காப்பிலிருந்து இரண்டொரு கோப்பை எடுத்து, திறந்து, வாசித்துப் பார்த்தலுக்குக் கால்மணி நேரம் போதும்.

இழவாமற் காத்தலைக் கூறினோம்; பிறர் கண்படாமற் காத்தல் ஒன்று எஞ்சியுள்ளது. கழற்றி எடுத்துச் செல்லும் தட்டைத் தொலைத்தால் அதிலுள்ளவை பிறர் கைப்படும். பிட்லாக்கர் முதலிய பூட்டு முறைகள் அதனைத் தடுக்கின்றன. அவற்றால் இடமும் ஏறக்குறையக் குறைவதில்லை. ஆயின் கடவுச்சொல்லை மறந்தோ, கணினியின் உறுப்பொன்றை மாற்றியோ பூட்டு விழுந்துவிடின், 48 இலக்க மீட்பெண் இன்றி உடையவனும் உள்ளே புகவியலாது. பூட்டப்பட்ட மூன்று பிரதிகளும் அப்பொழுது ஒன்றுமில்லாதனவே. அவ்வெண்ணை அக்கணினியினுள்ளேயே எழுதி வைப்பது, பெட்டியின் திறவுகோலைப் பெட்டியுள் இட்டுப் பூட்டுவதை ஒக்கும். தாளில் எழுதி வீட்டில் தாயாரிடம் கொடுத்து வைக்கலாம். நாற்பத்தெட்டு இலக்கமும் ஓர் அஞ்சலட்டையின் மூலையில் அடங்கும்.